சம்பந்தியின் பித்தம்

தில்லைநாயகம் சிவபூஜையில் உட்கார்ந்து கண்ணை மூடியபோது, தூத்துக்குடியில் அவருடைய சம்பந்தி சூசைமிக்கேல் ஒரு தட்டு இறால் வறுவலை முன்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர். ஆனால் முதல் இறால் சூசையின் தொண்டையில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே திருநெல்வேலியில் தில்லைநாயகத்தின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை கிர்ரென்று அதிர்ந்தது. வலது விலாவுக்குக் கீழே மடை திறந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத குடலில் பித்தம் பாய்ந்தது. சிவநாமத்தைச் சொல்ல வாயைத் திறந்தவருக்கு, வேப்பெண்ணெய் குடித்ததுபோல ஒரு ஏப்பம் வந்தது.

பூஜையை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"சம்பந்தி, என்ன சாப்பிடுறீங்க?"

"சும்மா நாலு இறாலு," என்றார் சூசை, வாயில் ஐந்தாவது இறாலோடு. "தெரிஞ்ச பய கடல்ல இருந்து நேரா கொண்டாந்து குடுத்துட்டுப் போறான். சூடா இருக்கப்பவே..."

"ஒன்பதரைக்கு முன்னால எதுவும் தொடக்கூடாதுன்னு நாம பேசி வச்சிருக்கோம்."

"பேசி வச்சது நமக்குத் தெரியும் சம்பந்தி. இறாலுக்குத் தெரியுமா?"

தில்லைநாயகம் பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணிக் கால்வாய்களில் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று பணிக்காலம் முழுக்கத் தீர்மானித்தவர். விவசாயிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மந்திரிகள் மிரட்டியிருக்கிறார்கள். அட்டவணையில் இல்லாத நேரத்தில் ஒரு மடையும் திறந்ததில்லை. மனைவி போன பிறகு அவரேதான் சமையல். அதற்கும் அட்டவணை. அந்த வீட்டு வாசலுக்குள் முட்டை போட்ட கேக் கூட வந்தது கிடையாது.

அப்படிப்பட்டவருடைய கல்லீரலுக்குள் போன வருஷம் பித்தநாளங்கள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் சுருங்க ஆரம்பித்தன. முதலில் கண் மஞ்சளானது, பிறகு முகம், பிறகு நகம். அரிப்பு வேறு. இரும்பு ஸ்கேலை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டே மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே டாக்டர் சுலைகா, காயல்பட்டினத்துக்காரர், நோயாளியின் தொழிலைக் கேட்டுவிட்டு அந்தத் தொழிலின் மொழியிலேயே பேசுகிற பழக்கம் உள்ளவர். மேசையின் கண்ணாடிப் பரப்பில் விரலால் ஒரு படம் வரைந்தார்.

"சார், கல்லீரலை ஒரு மலைன்னு வச்சுக்கோங்க. மலை முழுக்க ஊத்து. அதுல ஊறுற பித்தம் சின்னச் சின்ன ஓடையா ஓடி, வலது பக்கம் ஒரு நாளம், இடது பக்கம் ஒரு நாளம்னு சேருது. ரெண்டும் ஈரலை விட்டு வெளிய வந்ததும் ஒண்ணாக் கூடுது. அதுக்குக் கொஞ்சம் கீழ பித்தப்பையிலேர்ந்து ஒரு கிளை வந்து சேரும். பித்தப்பைங்கறது..."

"குளம்," என்றார் தில்லைநாயகம். "தேவைப்படாதப்ப தேக்கி வைக்க."

"பாதிப் பாடத்தை நீங்களே சொல்லிட்டீங்க. கிளை சேர்ந்ததுக்கு அப்புறம் ஒரே வாய்க்கால், பொதுப் பித்தநாளம். கணையத்துக்குப் பின்னால இறங்கி, கணையத்தோட நாளத்தையும் கூட்டிக்கிட்டு, குடலோட தொடக்கத்துல திறக்குது. திறக்குற வாயில ஒரு சுருக்குத்தசை. கொழுப்புச் சாப்பாடு வந்தா திறக்கும். இல்லன்னா மூடியிருக்கும்."

"மடை."

"உங்க மடை நல்லாத்தான் இருக்கு சார். மேல ஓடைங்கதான் தூர்ந்து போச்சு. தூர்வார முடியாது. மலையையே மாத்தணும்."

மலைக்கு ஆள் தேடினார்கள். மகன் விசாகனின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. கோயம்புத்தூர் பேக்கரிகளின் கைங்கரியம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வாரம் பார்த்து வெளியூரில் அவசர வேலை வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமல் வந்து நின்றவர் விசாகனின் மாமனார் சூசைமிக்கேல் மட்டும்தான். தூத்துக்குடியில் படகு இஞ்சின் பட்டறை வைத்திருக்கிறவர். அவர் மகள் ஜெனிட்டாவைத்தான் விசாகன் காதலித்துப் பதிவு அலுவலகத்தில் கட்டியிருந்தான். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தகப்பன்மார்களும் பேசிய பேச்சைக் கூட்டினால் ஒரு டீ ஆறுகிற நேரம் தேறாது.

"ஈரல்தானே?" என்றார் சூசை. "வெட்டுனா திரும்ப வளரும்னு சொல்லுதாவ. நான் என்ன கண்ணையா தோண்டிக் குடுக்கேன்?"

உறவினர்தான் உறுப்புக் கொடுக்கலாம் என்பது சட்டம். சம்பந்தி உறவா இல்லையா என்று ஒப்புதல் குழு மூன்று தடவை கூடி யோசித்து, பையனையும் பெண்ணையும் கூப்பிட்டுக் குடும்பம் நன்றாக நடக்கிறதா என்று விசாரித்து, கடைசியில் உறவுதான் என்று ஒப்புக்கொண்டது.

பிறகு டாக்டர் சுலைகா இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஈரலை வெட்டி ஒட்டுறது இப்ப பெரிய விஷயமில்ல. பித்தநாளத்தை ஒட்டுற இடந்தான் எப்பவும் தலைவலி. வெத்தலைக் காம்பு கனம் இருக்கும். கசியும், இல்லன்னா தழும்பேறிச் சுருங்கும். அதுக்குத்தான் இந்தப் புது முறை. ஆபரேஷன்ல உங்க ரெண்டு பேருக்கும் பித்தப்பை போயிரும்..."

"குளமே இருக்காதா?"

"இருக்காது சார். பதிலா ரெண்டு பேர் நாளத்துலயும் அரிசி அளவுல ஒரு செயற்கை மடை வைப்போம். சூசை அண்ணனோட மடை அவர் நரம்பு சொல்றதைக் கேட்டுத் திறக்கும். உங்களுக்கு வர்ற ஈரல்துண்டுல நரம்பு அறுந்திருக்கும். புதுசா வளர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க மடை, அண்ணனோட மடையைக் கேட்டுத் திறக்கும். சேதி கடத்த ரெண்டு பேர் மணிக்கட்டுலயும் ஒரு பட்டை இருக்கும், மடை திறந்தா அதிரும். போன் வேலை செய்யிற இடத்துலயெல்லாம் இதுவும் வேலை செய்யும்."

"அதாவது..."

"அவர் சாப்பிட்டா உங்களுக்குத் திறக்கும்."

"நான் சாப்பிட்டா?"

"அவரும் சாப்பிட்டா திறக்கும்."

தில்லைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சுவிட்ச் வச்சு என் கையில குடுத்திருங்களேன்."

"வச்சுப் பாத்தாங்க சார். ஈரல் சுரக்குறதுக்கும் மடை திறக்குறதுக்கும் ஒத்து வரல. நாளம் சுருங்கிப்போச்சு. உங்களுக்குள்ள வரப்போறது சூசை அண்ணனோட ஈரல். அவர் சாப்பிட்ட நேரந்தான் அதுக்குத் தெரியும்."

தில்லைநாயகம் மேசைக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, அதன் கடைசியில் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப நான் கடைமடை."

சூசை அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "கவலப்படாதீங்க சம்பந்தி. மேல்மடைக்காரன் நல்லாச் சாப்பிடுதவன்."

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விடிந்ததும் பழஞ்சோறும் முந்தின நாள் மீன்குழம்பும். பட்டறையில் இடைக்கு இரண்டு வடை. மத்தியானம் முழுச் சாப்பாடு. சாயங்காலம் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன். இரவு பொரித்த பரோட்டா. ஒவ்வொன்றுக்கும் திருநெல்வேலியில் பட்டை அதிர்ந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தில் 'நீர்ப் பங்கீட்டில் ஒழுங்கு' என்ற தலைப்பில் பேச எழுந்த தில்லைநாயகம், ஒழுங்கு என்ற சொல்லிலேயே மேல்மடை திறந்துகொண்டதால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உரை மிகவும் உருக்கமாக இருந்ததாகத் தலைவர் பாராட்டினார்.

எதிர்ப்பக்கத் தொல்லை இதைவிடப் பெரிது. பக்கத்து வீட்டு வளைகாப்பில், நெய் மிதக்கும் சர்க்கரைப்பொங்கலை வற்புறுத்தி வைத்துவிட்டார்கள். சாப்பிட்ட பிறகுதான் பட்டை அசையவே இல்லை என்பதைக் கவனித்தார். வயிறு கல்லாகக் கனத்தது. கொல்லைப்பக்கம் ஒதுங்கிப் போன் போட்டார்.

"சம்பந்தி, ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்களேன்."

சூசையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "துஷ்டி வீட்ல நிக்கேன். பொணத்துக்கு முன்னால நின்னு முறுக்கு திங்கவா?"

"ஒரு வாய் போதும். முந்திரியாவது."

சூசை போனை வைத்துவிட்டார். பிறகு பட்டை அதிர்ந்தது. இறந்தவரின் மைத்துனர் தெருமுனைக் கடைக்குப் பின்னால் சூசையைக் கண்டுபிடித்து, துக்கம் தாங்காமல் ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். சூசையின் வாய் நிறைய முந்திரி.

இப்படித் தன் பசிக்கும் சம்பந்தி பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டதில் சூசைக்குச் சட்டைப் பொத்தான்கள் சேரவில்லை. சர்க்கரை ஏறியது. அவர் மனைவி ரெஜினா ஒருநாள் தில்லைநாயகத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் வெளிப்படையாச் சொல்லுதேன். இப்படியே போனா உங்களக் காப்பாத்தி இவரப் பறிகுடுத்துருவேன். பேசாம இங்க வந்துருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே மேசையில உக்காந்தா ஒரு சாப்பாட்டோட போவும்லா?"

தில்லைநாயகம் மின்அடுப்பு, பாத்திரம், பூஜைப்பெட்டி சகிதம் தூத்துக்குடிக்குக் குடிபோனார். பின்கட்டில் அவருக்குத் தனிச் சமையல். மேசையின் ஒரு முனையில் மீன்குழம்பு, மறுமுனையில் தயிர்சாதம். நடுவில் ரெஜினா ஒரு மின்விசிறியை, வாசனை முழுக்கச் சூசை பக்கம் போகும்படி திருப்பி வைத்தார். முதல் வாரம் தில்லைநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு மறந்துபோய் மூச்சு விட்டார். சூசை வடையை விட்டார். மக்ரூனை விட்டதாகச் சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த மேசையில் பேசினார்கள். பெரும்பாலும் சண்டைதான். மழை வருமா, வராதா. இஞ்சின் பெரிதா, அணை பெரிதா. கடவுள் ஒருவரா, பலரா. ரசத்துக்குப் பூண்டு உண்டா, இல்லையா. ரசத்தில்தான் குரல் உயர்ந்தது.

நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாகனும் ஜெனிட்டாவும் சேர்ந்து வந்தார்கள். ஜெனிட்டாவுக்கு மன்னார் வளைகுடாவில், கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற வேலை. மாதத்தில் பாதி தண்ணீர் மேல். விசாகன் கோயம்புத்தூரில். இரண்டு பேரும் ஒன்றாக வருவதே அபூர்வம் என்பதால் ரெஜினா விளமீன் குழம்பும், அந்தப் பக்கம் அவியலும் வைத்துத் தடபுடல் செய்திருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் ஜெனிட்டா சொன்னாள்: "அப்பா, நாங்க பிரியப் போறோம்."

சூசையின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. "சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மாமா," என்றான் விசாகன். "சண்டை போடறதுக்குக்கூட எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. போன வருஷமே முடிவு பண்ணிட்டோம்."

"போன வருஷமா? ஆபரேஷனுக்கு முன்னாலயா?"

ஜெனிட்டா மாமனாரைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். "மாமாவுக்கு வேற யாரும் பொருந்தல. சம்பந்தின்னாத்தான் குழு ஒத்துக்கும்னாங்க. எங்களக் கூப்பிட்டுக் கேட்டப்ப நல்லா இருக்கோம்னு சொன்னோம். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா பாக்குற ஆளெல்லாம் விசேஷம் உண்டான்னு கேக்காங்கப்பா. இனி என்னால சிரிக்க முடியாது."

தில்லைநாயகத்தின் மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டிருந்த பட்டை நின்றது. சூசை உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

சாயங்காலம் விசாகன் பஸ் ஏறினான். ரெஜினா மகளோடு, ராமேஸ்வரத்தில் அவளுக்கு வேலையில் கொடுத்திருந்த குடியிருப்புக்குப் போனார். பிள்ளையைத் தனியாக விட மனமில்லை. வீட்டில் இரண்டு தகப்பன்மார்கள் மட்டும்.

"உங்க பையன் வாயத் தொறந்து நாலு வார்த்த பேச மாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் சூசை.

"அவன் என்னை மாதிரி," என்றார் தில்லைநாயகம்.

சூசை எழுந்து போனார். பட்டறையில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் கடுங்காப்பி. அதற்கு மறுநாளும் கடுங்காப்பி. கடுங்காப்பிக்கு மடை திறக்காது.

தில்லைநாயகம் பருப்புச்சாதம் சாப்பிட்டுப் பார்த்தார். தொண்டைக்குக் கீழே அது ஒரு செங்கல்லாக உட்கார்ந்தது. பிறகு அவரும் நிறுத்திவிட்டார். உள்ளங்கை லேசாக அரித்தது. பெட்டியைத் திறந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். கண்ணாடியில் கண்ணின் ஓரம் மங்கலாக மஞ்சள் தெரிந்தது. டாக்டர் சுலைகாவுக்குப் போன் செய்தார்.

"பித்தம் தேங்குது சார். அவர் சாப்பிடணும். எண்ணெய், கொழுப்பு சேர்ந்த சாப்பாடா. நாளைக்குள்ள திறக்கலன்னா ரெண்டு பேரும் இங்க வந்து படுக்கணும். நாளம் சுருங்க ஆரம்பிச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

பட்டறை வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டு வந்திருந்தார். பெற்ற மகளின் வாழ்க்கை போய்விட்டதென்று குப்புறப் படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் போய், என் பித்தத்துக்காக எழுந்து ஒரு வாய் சாப்பிடும் என்று எப்படிச் சொல்வது? அதுவும் தன் மகனால் போன வாழ்க்கை. அந்தப் பெண் தனக்காக ஒரு வருஷம் பொய்ச்சிரிப்புச் சிரித்திருக்கிறாள். இன்னும் எவ்வளவுதான் ஒரு வீட்டிலிருந்து வாங்கிக்கொள்வது?

பையை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போனார்.

முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, முதலில் கண்ணில் பட்ட மீன்காரம்மாவிடம் நின்றார். "வாசனை கம்மியா இருக்கற மீன் எது?"

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாசம் இல்லாத மீனு பிளாஸ்டிக் கடையில கெடைக்கும் அண்ணாச்சி."

"எண்ணெய்ச் சத்து நிறைய இருக்கணும்."

"அப்படிக் கேளும். சாளை இருக்கு. எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு. ஆனா ரெண்டு பேருக்கு."

அந்த அம்மா மேற்கொண்டு விசாரிக்காமல் கழுவி அரிந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பையைக் கையை நீட்டிப் பிடித்தபடி, யாரோ ஒருவருடைய பையைத் தெரியாமல் தூக்கி வந்துவிட்ட பாவனையில் வீட்டுக்கு நடந்தார்.

ரெஜினா போன் திரையில் வந்தார். தில்லைநாயகத்தின் கையில் மீனைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அழுகையும் சிரிப்புமாக வழி சொன்னார். தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மிளகாயும் மல்லியும் கூட்டி, கொதி வந்ததும் மீனைப் போட வேண்டும். கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். தில்லைநாயகம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஆட்டினார்.

"இப்ப உப்பு பாருங்கண்ணே," என்றார் ரெஜினா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தில்லைநாயகம் கரண்டியோடு பட்டறைக்குப் போனார். "சம்பந்தி."

சூசை தலையணையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"சாப்பிடச் சொல்லல. உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பாக்க முடியாது."

சூசை தலையைத் தூக்கினார். மூக்கு முதலில் விழித்துக்கொண்டது. "என்ன அது?"

"சாளைன்னாங்க."

"யாரு வச்சா?"

"நான்தான்."

சூசை எழுந்து உட்கார்ந்து, கரண்டியில் இருந்ததைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கினார். முகம் கோணியது. "உப்பே இல்ல."

தில்லைநாயகம் உள்ளே ஓடி உப்புப் போட்டு ஆட்டி, இந்தத் தடவை சட்டியோடு வந்தார். "இப்ப?"

"புளி தூக்கலா இருக்கு. தேங்கா இன்னும் அரைச்சிருக்கணும்." இன்னொரு வாய். "கிளறிட்டீங்களா? மீனு ஒடஞ்சிருக்கு."

"ஆட்டத்தான் செஞ்சேன்."

"ஆட்டச் சொன்னா தேர் இழுத்திருக்கீங்க." சூசை ஒரு துண்டை எடுத்து முள்ளை நீக்கி வாயில் போட்டார். "வெந்திருக்கு, பரவால்ல. சோறு இருக்கா?"

சோறு வந்தது. சூசை குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ஐந்தாவது குறையில் தில்லைநாயகத்தின் மணிக்கட்டு கிர்ரென்று அதிர்ந்தது. விலாவுக்குக் கீழே வெதுவெதுப்பாக எதுவோ இறங்கியது. அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வேட்டி மடியில் செருகியிருந்த ஸ்கேல் நழுவிக் கீழே விழுந்தது.

சத்தத்துக்குத் திரும்பிய சூசை அந்த ஸ்கேலைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். சொறிந்து சொறிந்து கன்றிப்போயிருந்தது. கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"ஏ வே!" என்று கத்தினார். அதுவரை அவர் தில்லைநாயகத்தை 'நீங்க' தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை. "கூறு இருக்காவே உமக்கு? செத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? உப்பு பாக்கவா கூப்பிடுதீரு?"

"நீங்க இருந்த நிலைமையில எப்படி..."

"என் நெலமைய விடும். நான் படுத்துக் கெடந்ததுல உம்ம நெனப்பே இல்லாமப் போச்சே." இரண்டு துண்டு மீனை ஒரேயடியாக வாயில் திணித்தார். "தெறக்குதா? இன்னும் தெறக்கணுமா? எண்ணெய எடுத்து ஊத்தும் இதுல."

"போதும். மெதுவா. முள்ளு."

சூசை முள்ளைத் துப்பித் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "பிரியுததுல எனக்கு வருத்தமில்ல வே. சின்னஞ்சிறுசுங்க, அவுங்க பாடு. ஆனா ஒரு வருஷம் என் முன்னால அவ நடிச்சிருக்கா. சத்தத்த வச்சே எந்த இஞ்சின்ல எது பழுதுன்னு சொல்லுதவன் நான். எம் மவ சிரிப்புல எனக்குத் தெரியல பாத்தீரா."

"எனக்காகத்தான் நடிச்சிருக்கா," என்றார் தில்லைநாயகம். போனை எடுத்து ஜெனிட்டாவைக் கூப்பிட்டார். பேச்சு வராத குடும்பம். தொண்டையை மூன்று தடவை செருமினார். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் நாளைக்கே மனு போடுங்க. என் நாளத்துக்காக இன்னும் ஒருநாள்கூட நீ யார் முன்னாலயும் சிரிக்க வேண்டாம். அவன்கிட்டயும் நானே சொல்றேன்."

ஜெனிட்டாவுக்கு வேறு பயம். "குழு என்ன சொல்லும் மாமா? சம்பந்தி இல்லன்னா இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுவாங்களே."

குழு அப்படித்தான் கேட்டது. டாக்டர் சுலைகா நேரில் போய்ப் பதில் சொன்னார். "உறவு இருந்தப்ப ஒட்டினோம். ஒட்டின நாளத்துக்கு விவாகரத்து தெரியாதுங்க. வேணும்னா நீங்களே வந்து பிரிச்சு விடுங்க." குழுவில் ஒருவரும் வரவில்லை.

விவாகரத்து மனு முதல் விசாரணைக்கு வந்த வாரமே ஆறு மாதமும் முடிந்தது. தில்லைநாயகத்துக்குள் நரம்பு வளர்ந்திருந்தது. வாய்வழியே ஒரு குழாயை விட்டு இரண்டு பேரின் மடைகளையும் எடுத்தார்கள். மணிக்கட்டுப் பட்டைகளைக் கழற்றி ஒரு தட்டில் போட்டார்கள். "இனிமே அவரவர் பசிக்கு அவரவர் சாப்பிடலாம்," என்றார் டாக்டர்.

தில்லைநாயகம் திருநெல்வேலிக்குத் திரும்பினார். முதல்நாள் அடையும் வெண்ணெயும் சாப்பிட்டார். பித்தம் தானாகவே வந்தது. சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவுக்கு. அட்டவணை மறுபடி அட்டவணையானது. ஆனால் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதெல்லாம் கை இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தது. அந்த மனுஷன் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள இப்போது போன்தான் செய்ய வேண்டியிருந்தது. செய்தார். தினமும்.

அடுத்த வருஷம் ஜெனிட்டாவுக்கு மறுமணம். மாப்பிள்ளை அவளோடு கடலுக்குள் அதே காற்றாலைகளில் ஏறி இறங்குகிறவன், வாய் ஓயாதவன். முதல் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்ததால் பங்குச்சாமியாரின் கணக்கில் இதுதான் முதல் கல்யாணம்; மாதாகோயிலில் விமரிசையாகத் தாலி மந்திரித்துக் கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். விசாகன் வீடியோவில் வாழ்த்துச் சொன்னான், வழக்கத்தைவிட ஒரு வாக்கியம் கூடுதலாக. ஜெனிட்டா மேடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். சூசை கீழே நின்று அந்தச் சிரிப்பைக் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

முதல் பந்திக்கு இலை போட்டார்கள். புதுச் சம்பந்தி கஸ்பார், மணப்பாட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு நடு இலையில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தால்தான் ஆரம்பிக்க முடியும். பெண்ணின் அப்பாவோ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரியாணி ஆறியது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"யாருக்குக் காத்திருக்கோம்?" என்றார் கஸ்பார்.

"இந்தா வந்துட்டாரு."

நெற்றி நிறைய விபூதியோடு, வெள்ளை வேட்டியில், பஸ் தாமதமானதில் மூச்சிரைக்கத் தில்லைநாயகம் உள்ளே வந்தார். சூசை அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அந்த ஒரு இலைக்கு மட்டும் தனியாகச் சாம்பார் வாளி வந்தது.

கஸ்பார் குனிந்து, ஒரு ஆள் தாண்டி எட்டிப் பார்த்தார். "இவுங்க பொண்ணு வீட்டுக்கு என்ன முறை?"

சூசைக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. தில்லைநாயகத்தைப் பார்த்தார். அவரும் விழித்தார். பழைய சம்பந்தி என்றால் பழைய கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். நண்பர் என்றால் பொய். அண்ணன் தம்பி என்றால் விபூதி காட்டிக்கொடுக்கும்.

"நீங்க எங்களுக்குச் சம்பந்தி," என்றார் சூசை கஸ்பாரிடம், ரொம்ப மரியாதையாக. "இவரு சொந்தக்காரரு."

கஸ்பாருக்கு அது புரியவில்லை. தன்னை ஒரு படி இறக்கிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. முறைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அந்தக் கோபம் தீர, பிற்பாடு இரண்டு கிறிஸ்துமஸும் ஒரு ஞானஸ்நானமும் வேண்டியிருந்தது.

பரிமாறுகிறவர் சூசையின் இலையில் இரண்டாவது கரண்டி பிரியாணி வைக்க வந்தார். தில்லைநாயகம் கையை நீட்டித் தடுத்தார்.

"போதும் அவருக்கு. சர்க்கரை இருக்கு."

"ஏம் வே, எம் மவ கல்யாணம்! எனக்கும் அணை கட்டுதீரா?"

"அரைக் கரண்டி," என்றார் தில்லைநாயகம் பரிமாறுகிறவரிடம். "அதுக்கு மேல ஒரு பருக்கை கூடாது."